லோகேஸ்வரனின் திமிர்

சிம்பாங் அம்பாட் ஊர் லோகேஸ்வரன் ஏன் குடித்தார் என்பதற்கு அவர் வீட்டில் ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது: திமிர். கண்டுபிடித்தது மனைவி குணவதி. பிறை நகரத் தொழிற்சாலையில் பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த தங்கராஜுவை நசுக்கியதை அவர் யாரிடமும் விவரித்ததில்லை. அன்று முதல் சங்கிலிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். நடுக்கத்துக்கு மருந்து பீர்; பிறகு அதைவிட மலிவான சம்சுச் சாராயம்.

இனிப்புநீர் நோய் அவர் சிறுநீரகங்களைத் தின்று முடித்த பின், பாலம் தாண்டி ஜார்ஜ் டவுன் மருத்துவமனைக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தார். குடியை மட்டும் நிறுத்தவில்லை. சுத்தம் செய்ய ஆளிருக்கும்போது அழுக்காக்கத் தயங்குவானேன்?

அங்கேதான் ஆய்வாளர் நூர் ஃபாத்திஹா வந்தாள். நெடுநாள் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, பழைய அதிர்ச்சி ஒருவரை விடாமல் துரத்துவதற்கும் அவர் குடிப்பதற்கும் மரபணுவில் பொது வேர் உண்டா என்று பார்க்கும் ஆராய்ச்சி. மலாயில் பொறுமையாக விளக்கினாள். லோகேஸ்வரன் காதில் விழுந்தது ஒரே சொல்: கெத்துருனான், அதாவது வம்சாவளி. அரசாங்கப் பாரங்களில் அந்தச் சொல்லுக்கு எதிரே ‘இந்தியா’ என்று எழுதிப் பழகியவர் அவர்.

“இந்தியன்னா குடிப்பான்னு சொல்ல வர்றியா?” என்று மலாயிலேயே சீறினார்.

“ஐயோ, அங்கிள், இனம் இல்லை. குடும்ப வழி. அதிர்ச்சியில் உடைவதற்கும் குடியில் விழுவதற்கும் உள்ள சாய்வு ஓரளவு ஒரே மரபணுக்களிலிருந்து வரலாம். சாய்வுதான். தனி ஒருவரைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.”

கடைசி இரண்டு வாக்கியங்கள் அவருக்குத் தேவைப்படவில்லை.

“திமிர் இல்லடி, ரத்தம்! படிச்ச பொண்ணு சொல்லிருச்சு,” என்று வீட்டு வாசலிலேயே அறிவித்தார்.

“ரத்தத்துக்குக் கடைக்கு நடக்கத் தெரியுமா?” என்றாள் குணவதி.

மகள் பிரமிளாவைப் பெண் பார்க்க வந்த நாளிலும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை ராம்நாத், பிரமிளாவோடு வேலை செய்பவன். செட்டியார் வீட்டுப் பையன். அவன் தாய் காமாட்சி ஆச்சி, மகனுக்காக ஜாதியை மிகுந்த சிரமப்பட்டு விழுங்கியிருந்தார். அந்தத் தொண்டையில் ரத்தம் சிக்கிக்கொண்டது.

“என் தப்பு இல்ல ஆச்சி. எங்கப்பாவும் குடிச்சாரு, தாத்தாவும் குடிச்சாரு. பரம்பரை லா.”

ஆச்சி பிரமிளாவைப் பார்த்தார். முகத்தை அல்ல, வயிற்றை.

“அப்ப பேரப்புள்ளைக்கும் வரும்,” என்று சொல்லிக் காப்பியைத் தொடாமல் எழுந்தார்.

விடுதலையான கைதி, தான் இருந்த அறையில் மகளை வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

பிரமிளா அழவில்லை. “ஆச்சிகிட்ட போயி, திமிர்லதான் குடிச்சேன்னு சொல்லுங்கப்பா.”

“அது திமிர் இல்லம்மா…”

“எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேணாம்.”

அவரை நம்பிய ஒரே ஆள் கேட்டது இது. “தங்கராஜு அன்னைக்கி…” என்று முதன்முறையாக ஆரம்பித்தார்.

“தங்கராஜு மாமா செத்துட்டாருப்பா. நான் இருக்கேன்.”

மறுநாளே மனைவியோடும் மகளோடும் பாலம் தாண்டி ஆச்சி வீட்டுக்குப் போனார்.

“ரத்தம்னு சொன்னது பொய் ஆச்சி. எங்கப்பா பீடிகூடத் தொட்டதில்ல. நான் குடிச்சது திமிர்.”

“கண்ணு முன்னால யாரோ செத்தாங்களாமே? ராம்நாத் சொன்னான்.”

“அதெல்லாம் சாக்கு.”

குணவதி தலையாட்டி ஆமோதித்தாள். ஆச்சி நியாயமான மனுஷி; தீர்ப்புச் சொன்னார்.

“ரத்தம்னா பொண்ணு வேணாம்னிருப்பேன். திமிர்தான்னா, நீங்க மட்டும் வேணாம். கல்யாணத்துல தாரை வார்க்க அவ தாய்மாமன் நிக்கட்டும்.”

“அதான் லா நல்லது,” என்றார் லோகேஸ்வரன்.

திரும்பும் வழியில் பிரமிளா வண்டியை ஓட்டினாள். பாலத்தின் நடுவில் குணவதி, கல்யாணமான இத்தனை காலத்தில் முதல் தடவையாக, புருஷனைப் பாராட்டினாள்.

“இன்னிக்குத்தான் உருப்படியாப் பேசினீங்க.”