பங்களாவில் காய்ச்சிய பீர்

மலேசியாவில், ராவாங்கில் என் அக்கா மகன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். ஃபகிள் என்ற பழைய இங்கிலாந்து ஹாப்ஸ் பூவைக் கொதிக்கும் பானையில் அவன் போட்டதும், ஈரப்புல்லும் கசப்பும் கலந்த வாசம், அம்மா சமையல் வேலை பார்த்த, இன்று இடித்துத் தள்ளப்பட்டுவிட்ட கெர்லிங் தோட்டத்துப் பங்களாவுக்கு என்னை இழுத்துப்போனது.

எண்பதுகளில் அங்கிருந்த கடைசி வெள்ளைக்காரத் துரை, சனிக்கிழமைதோறும் அதே பூவைப் போட்டுக் காய்ச்சுவார். ஊர் திரும்பாமல் அங்கேயே இறந்துபோனார். பங்களாவைப் பூட்டிய பிறகும் சனிக்கிழமை மாலைகளில் அந்த வாசம் ரப்பர் மரங்களைத் தாண்டி, தொழிலாளர்களான நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தது.

“துரையோட ஆவி லா, கதவ சாத்து!” என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பங்களாவுக்குப் போய், தான் சமைத்த குசினியின் பூட்டிய கதவருகே நின்று, “போதுங்க துரை, அடுப்ப அணைச்சிட்டுப் படுங்க” என்றாள்.

அதன்பின் வாசம் வரவில்லை. அம்மாதான் சனிக்கிழமை மாலையானால் வாசலில் நின்று காற்றை முகர்ந்துகொண்டிருந்தாள்.