சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம்

என் பர்சில் ஒரு அட்டை இருக்கிறது. ஏ.டி.எம். கார்டு அளவுதான். இங்கே ஜெர்மனியில் எனக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் கொடுத்தார்கள். இதை வைத்திருப்பவரின் இரைப்பை வெட்டிச் சிறிதாக்கப்பட்டிருக்கிறது, தயவுசெய்து குழந்தைகள் தட்டில் உணவு கொடுக்கவும் என்று அதில் ஜெர்மன் மொழியில் அச்சடித்திருக்கிறது. முப்பத்தொன்பது வயது ஆள், மீசை வைத்தவன், ஓட்டலில் உட்கார்ந்து அந்த அட்டையை நீட்டுகிறேன். பரிமாறுகிற பெண் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கரடி பொம்மை போட்ட தட்டில் இரண்டு துண்டு கோழியும் நாலு உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைக்கிறாள். சில இடங்களில் பழக்க தோஷத்தில் கலர் பென்சிலும் வைத்துவிடுவார்கள். யாரும் சிரிப்பதில்லை.

அந்த அட்டை கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவை பெரிய தட்டு வாங்கி முக்கால்வாசியை அப்படியே வைத்துவிட்டேன். அந்தப் பெண் முகம் வாடிப்போய் "ஹாட் எஸ் நிஷ்ட் கெஷ்மெக்ட்?" என்றாள். ருசியாக இல்லையா என்று அர்த்தம். எனக்கு வந்த ஜெர்மனில் "மாகன் வெக்" என்றேன், வயிறு போய்விட்டது என்று. அவள் ஓடிப்போய் வயிற்றுப்போக்குக்குக் குடிக்கிற ஒரு பூ டீயைப் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அதையும் குடிக்க முடியாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தண்ணீர், டீ, எதுவும் உள்ளே போகக்கூடாது. அது சட்டம். மீறினால் மீதியிருக்கிற வாழைப்பழம் அளவு வயிறு எல்லாவற்றையும் வெளியே தள்ளும். சாப்பிட்டு முடித்ததும் போனில் டைமர் வைத்துக்கொள்கிறேன். அது அடித்த பிறகுதான் பையிலிருக்கிற பாட்டிலைத் திறந்து வாய் வாயாகக் குடிப்பேன். ஒரு வருஷத்துக்கு மேல் இதுதான் என் பிழைப்பு.

இங்கே இருக்கிற தமிழ் நண்பர்கள், ஊரில் இருக்கிற பழைய ஆட்கள் எல்லோரும் எடை குறைத்த கதையை எழுது என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தேன், இப்போது எண்பத்தைந்து. போதுமா? முடி கொத்தாகக் கொட்டியதையும், வயிற்றுத் தோல் காலிப் பைபோல் தொங்குவதையும், ஒரு வாய் சோற்றை அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் கல் அடைத்தது போல் வலித்து வாயில் நுரை தள்ளுவதையும் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. கறியை முதலில் தின்ன வேண்டும், சோறு கடைசியில், இடம் இருந்தால். இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழகியும் விட்டேன். பழக முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கணியம்பாடிப் பக்கத்து ஆள். கொஞ்சம் நிலம், ஒரு போர்வெல், அம்மா, தங்கை கவிதா. அப்பா இல்லை. இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் ஆறு வருஷம் வேலை செய்தேன், ஃபினிஷிங்கில், ஸ்ப்ரே மெஷினில். மதியம் டப்பா திறக்கிற நேரம் வந்தால் நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நிற்பேன். பாய் வீட்டு தால்சா, கிறிஸ்துவ வீட்டு மீன் குழம்பு, காலனி ஆட்கள் கொண்டு வருகிற மாட்டுக்கறி வறுவல், எதையும் விட்டதில்லை. அதே டப்பாவில் கை விட்டுத் தின்பேன், அவர்கள் தண்ணீரையே தூக்கிக் குடிப்பேன். "குண்டு சேகர் வர்றான், மூடு மூடு" என்று கத்துவார்கள். மூட மாட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் குளிக்கச் சொல்லியிருப்பாள்.

நான் பெரிய கொள்கைக்காரன் என்று நினைக்காதீர்கள். மேடைப் பேச்சு கேட்டவனும் இல்லை, புத்தகம் படித்தவனும் இல்லை. எனக்குப் பசித்தது, தின்றேன். அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கவிதா போன் செய்தாள். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள். கூட வேலை செய்கிற பிரபு என்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். காலனி என்றாள். அம்மா ஒரு வாரம் சோறு இறங்காமல் படுத்துக் கிடந்தாள். நான் இங்கிருந்து வீராப்பாகச் சொன்னேன், "நான் இருக்கேன் கவி. நான் வந்து நடத்தி வைக்கிறேன்." நடுவில் என் சர்க்கரை, மூச்சுத்திணறல், அப்புறம் ஆபரேஷன் என்று நாள் போய்விட்டது. ஆபரேஷனை வீட்டில் சொல்லவில்லை. நடந்தேன், சோற்றைக் குறைத்தேன், இளைத்தேன் என்று சொல்லி வைத்தேன். வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டவன் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். வேறு காரணம் இல்லை.

போன வருஷம் லீவில் போனேன். எங்கள் பக்கத்தில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்மந்தம் முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைத்துவிட்டால் முடிந்தது, சொந்தம். கவிதாவுக்குத் தேவை அது ஒன்றுதான். "நீ வந்து அவங்க வீட்ல ஒரு வேளை சாப்டு ணா. அது போதும் அவங்களுக்கு," என்றாள். அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். நீ வேணும்னா போய்த் துன்னுட்டு வா," என்றாள்.

நானும் கவிதாவும் மட்டும் பிரபு வீட்டுக்குப் போனோம். பிரபுவின் அம்மா பெயர் செல்வி. பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. நான் இருந்த அதே ஷாப்பில் தோல் ஓரம் வெட்டுகிற இடத்தில் வேலை செய்தவர். அவர் டப்பாவிலும் நான் கை விட்டிருக்கிறேன். அவரும் என்னை மறக்கவில்லை. கவிதாவின் அண்ணன் குண்டு சேகர் என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பேச்சுக்கே ஒப்புக்கொண்டாராம். பிரபு சொன்னான்.

வாசலில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா தம்பி, பாதிதான் வந்துகீறீங்க? மீதியை அங்கயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் அம்மா, நிஜமாகவே அங்கே வெட்டிப் போட்டுவிட்டு வந்தேன் என்று. சொல்லவில்லை.

பிரியாணி விறகு அடுப்பில் செய்திருந்தார். ஆட்டுக்கறி. மாட்டுக்கறி போடவில்லை, எங்கள் வீட்டுக்கு மரியாதை. கத்திரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. இலை நிறையப் போட்டார். நான் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கறித்துண்டைப் பிய்த்துப் பிய்த்து மென்றேன். ஏழாவது வாயில் நெஞ்சு அடைத்தது. கையை எடுத்துவிட்டேன்.

"நல்லா இல்லீங்களா தம்பி?"

"சூப்பரா இருக்குதும்மா. போதும், வயிறு நெறஞ்சிடுச்சு."

"ஏழு வாய்க்கா? எங்க டப்பாவுல எனக்கு மிச்சம் வெக்காத ஆளு நீங்க." அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "சரி, தண்ணியாவது குடிங்க." பளபளவென்று தேய்த்த டம்ளரை நீட்டினார்.

"இப்ப வேணாம்மா. அப்புறம் குடிக்கிறேன்."

நீட்டிய டம்ளர் அந்தரத்திலேயே நின்றது. எனக்கு உறைக்கவில்லை. என் தலையில் ஓடியது டைமர். பழக்கத்தில் போனை எடுத்து அரை மணி வைத்தேன். அப்போது பையில் பக்கவாட்டில் செருகியிருந்த என் பாட்டில் சரிந்து தரையில் உருண்டது. முக்கால் பாட்டில் தண்ணீர்.

பிரபுவின் சித்தப்பா ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: "டம்ளரை எடுத்துனு போ அண்ணி. அவங்க வீட்லர்ந்தே தண்ணி எடுத்துனு வந்துகீறாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கவிதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தது.

மூளை உள்ளவன் அந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருப்பான். நான் செல்வி அம்மா கையிலிருந்து டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன். முழு டம்ளர். அரை நிமிஷம் தாங்கவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடினேன். அவர்கள் கோலம் போட்டிருந்த இடத்திலேயே எல்லாம் வந்தது, தண்ணீர், கறி, எல்லாம். எதிர் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். காலனித் தண்ணீர் உள்ளே போனதும் வாந்தி எடுக்கிற ஊர்க்காரன். அவர்கள் பார்த்தது அதைத்தான். அவர்கள்மேல் தப்பில்லை.

பிறகு உள்ளே போய்ச் சொன்னேன். ஆபரேஷன், அரை மணி நேரச் சட்டம், எல்லாம். சட்டையைத் தூக்கித் தழும்புகளைக் காட்டினேன். பர்சிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். பிரபு தன் போனை அதன்மேல் பிடித்து மொழிபெயர்த்து வாசித்தான். "தயவுகூர்ந்து இந்த மனிதருக்குக் குழந்தைத் தட்டு வழங்குங்கள்" என்று போன் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

செல்வி அம்மா அட்டையை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"சரி தம்பி. உங்களுக்கு ஆப்ரேஷன். உங்க அம்மாவுக்கும் ஆப்ரேஷனா?"

அதற்கு என்னிடம் எந்த அட்டையும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது கவிதாவிடம், "நீயாவது என்னை நம்புறியா?" என்று கேட்டேன். பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் பதில் சொன்னாள்.

"ஆப்ரேஷன் நிஜம்தான் ணா. ஆனா அப்புறம் குடிக்கிறேன்னு சொன்னே பாரு, அப்ப உன் மூஞ்சி அப்படியே அம்மா மூஞ்சி."

அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் நிலத்தில் நாற்று நட வருகிற பெண்கள் பண்டிகைக்கு ஏதாவது பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சிரித்துக்கொண்டே வாங்கி, "அப்புறம் சாப்டறேன்டி" என்பாள். அவர்கள் தலை மறைந்ததும் மாட்டுத் தொட்டியில் போடுவாள். அந்தப் பெண்களுக்கு அது தெரியாது என்று அம்மா நினைத்தாள். நானும் நினைத்தேன். அந்த "அப்புற"த்தை எத்தனை வீட்டுத் தின்பண்டம் பார்த்திருக்கும். செல்வி அம்மாவின் வயதுக்கு அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார். நான் அதே சொல்லை, அதே சிரிப்போடு, அவர் வீட்டு நடுவில் உட்கார்ந்து சொன்னேன். வயிறுதான் காரணம் என்று சத்தியம் செய்வேன். ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயிற்றுக்குச் சிரிக்கத் தெரியாது.

இதில் எனக்கு வருகிற கோபம் இதுதான். என்னிடம் இருந்த ஒரே நல்ல விஷயம் அந்தக் கேடுகெட்ட பசி. எங்கள் வீட்டில் எவரும் தாண்டாத கோட்டை அது மட்டும்தான் தாண்டியது. அந்த நூற்று நாற்பத்திரண்டு கிலோ சேகர் போயிருந்தால் மூன்று இலை தின்று, சொம்புத் தண்ணீரைக் குடித்து, ஏப்பம் விட்டு, அன்றைக்கே கல்யாணத்தை முடித்துவிட்டு வந்திருப்பான். டாக்டர் அவனை அறுத்து எடுத்துவிட்டார். மிச்சம் வந்தவன் எங்கள் அம்மாவின் பிள்ளை.

கல்யாணம் நடந்தது. பிரபு உறுதியாக நின்றான். நான் திரும்பி இங்கே வந்த மூன்றாம் மாதம், ஆம்பூரிலேயே. லீவு கேட்டு வைத்திருந்தேன். கவிதா போன் செய்து, "நீ வர வேணாம் ணா," என்றாள். "வந்தா பந்தியில உக்காரணும். நீ துன்றியா துன்னலியான்னு எல்லாரும் உன் இலையவே பாத்துனு இருப்பாங்க. எனக்கு அன்னிக்கு அந்தப் பேஜார் வேணாம்."

நான் சரி என்றேன்.

அன்றைக்கு எனக்கு ஷிஃப்ட் இருந்தது. இங்கேயும் தோல்தான், கார் சீட்டுக்குப் போகிற தோல். கேன்டீனில் இப்போதெல்லாம் அட்டை காட்ட வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் சின்னத் தட்டை எடுக்கிறாள். மெதுவாக மென்று முடித்து டைமர் வைத்தபோது கவிதா அனுப்பிய போட்டோ வந்தது. மாலையோடு அவளும் பிரபுவும். பின்னால் பந்தி. செல்வி அம்மா பட்டுப்புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து யாருக்கோ தண்ணீர் ஊற்றுகிறார். முகம் தெரியவில்லை, கையும் ஜக்கும் மட்டும். நான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

என் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. இன்னும் இருபத்தாறு நிமிஷம். இப்போது எடுத்துக் குடித்து, வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. யாருக்காக? பிரேக் முடிந்தது. தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு மெஷினுக்குப் போனேன். நேரம் வந்ததும் டைமர் அடித்தது. நின்றபடியே குடித்தேன். ஒரு சொட்டு வெளியே வராமல், சுகமாக உள்ளே இறங்கியது.