சிவப்புப் பென்சில்காரர்

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை எழுதும் எங்கள் குழுவின் மூத்தவரைத் துவாரகா மெட்ரோ ரயிலில் அடிக்கடி பார்ப்பேன். ஒல்லியான உருவம், காதில் சிவப்புப் பென்சில். நிரலை அச்சடித்துத்தான் படிப்பார்.

தனித்தனி நிரல் கோப்புகளை இணைக்கும்போது, வேகமாக ஓடும்படி மொத்தமாக மெருகேற்ற வேண்டும். அதுவரை அவற்றை மூல நிரலுக்கும் இயந்திர மொழிக்கும் நடுவே எந்த இடைவடிவத்தில் வைப்பது? ஒரு நாள் காலை ரயிலில் அவரைப் பார்த்தபோது, அன்று மாலைக்குள் நான் முடிவு சொல்லியாக வேண்டியிருந்தது. மூலத்தை ஒட்டிய வடிவம், இயந்திரத்தை ஒட்டிய வடிவம், இரண்டின் அச்சுப் பிரதிகளையும் அவரிடம் நீட்டினேன்.

“இயந்திரத்தை ஒட்டினதுல தொலைஞ்ச விவரம் திரும்பி வராது,” என்றார். “இன்னொண்ணுல எதுவுமே தொலையல. அத்தனையும் சுமந்தா இணைக்கவே நாளாகும்.”

“அப்ப எது சார்?”

அடுத்த நிலையத்தில் பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

மூலத்தை ஒட்டியதில் டிக் போட்டேன். சரியா என்று இன்றும் தெரியவில்லை. அலுவலகத்துக்கு மூன்று நிலையம் மிச்சமிருக்க, அவர் ஏன் இறங்கினார் என்பதும்தான்.