அறிக்கையின் இரண்டாம் தாள்

இலவச மென்பொருளை நம்பி ஓர் அலுவலகத்தை நடத்தலாமா என்று யாராவது கேட்டால், இப்போதும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. மென்பொருள் மேல் அல்ல. அது பாவம், எனக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை.

தில்லி முனிர்காவில் மாடியில் மூன்று அறைகள், அதுதான் எங்கள் அலுவலகம். அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டிலும் ஸ்ட்ரெச்சரும் விற்பவர்களுக்கு டெண்டர் ஆவணங்கள் தயாரித்துக் கொடுப்போம். பதினோரு வருடம் அங்கே இருந்தேன். பக்கத்து நாற்காலியில் நாகர்கோவில்கார அக்கா, மதியச் சாப்பாடும் அவளோடுதான். தயாரான கோப்புகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது அவள் வேலை. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எனக்கு முன்னால் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபம் செய்தவள். கூடப் பிறந்தவள்கூட அவ்வளவு செய்திருப்பாளா தெரியாது.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா, வருஷா வருஷம் இந்த டைப் பண்ற சாஃப்ட்வேர் லைசென்ஸைப் புதுப்பிக்கிறது பெரிய தலைவலியா இருக்கு. ஃப்ரீயா ஒண்ணு இருக்காமே, பல பேர் சேர்ந்து எழுதினதாம். அது நம்ம வேலைக்குத் தாங்குமா? ஒரு மாசம் எடுத்துக்க. நீ சொல்றதுதான் முடிவு."

நீ சொல்றதுதான் முடிவு என்றதும் நான் கொஞ்சம் மிதந்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு மாதமும் நானும் அக்காவும் அதைப் பிழிந்தெடுத்தோம். நான் புதிய மென்பொருளில் செய்து அனுப்புவேன், அவள் காசு கொடுத்து வாங்கிய பழைய மென்பொருளில் திறந்து பார்ப்பாள். கடிதங்கள் ஒழுங்காக வந்தன. பழைய இந்தி எழுத்துருவில் அடித்த கோப்புகள் முதலில் கிறுக்கலாக வந்தன, எழுத்துருவை ஏற்றியதும் அடங்கிவிட்டன. எனக்கு அதன்மேல் ஏறக்குறையக் காதலே வந்துவிட்டது. அப்போதுதான் அக்கா சொன்னாள்: "மக்ளே, இங்க வா. இந்தப் பட்டியலுக்குப் பெறகு ஒரு பக்கம் தள்ளிப் போயிருக்கு, பாத்தியா?"

என் கணினியில் நாற்பதாம் பக்கத்தில் இருந்த சான்றிதழ் அவளுடையதில் நாற்பத்தொன்றில் இருந்தது. டெண்டரில் இது சின்ன விஷயம் இல்லை. முகப்பில் நாங்கள் கையால் அடித்த பொருளடக்கம் இருக்கும். அதில் சொன்ன பக்கத்தில் சொன்ன தாள் இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பிடிஎஃப் ஆக்கினால் பக்கம் அசையாதுதான். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் கடைசி நிமிடம்வரை எதையாவது தாங்களே திருத்துகிற ரகம். பிடிஎஃப் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள்.

அறிக்கை எழுதினேன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான், அப்பா மத்திய அரசு குமாஸ்தா. குறிப்பு எழுதும் முறை எனக்கு அவரிடமிருந்து வந்தது. சாதகம் முதலில், பாதகம் தனித் தாளில், ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து. நடுவில் யாரும் தாளை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. முதல் தாளில், எல்லாம் சோதித்தேன், நம் வேலைக்குத் தயார் என்று எழுதினேன். இரண்டாம் தாளில், வெளியே போகும் கோப்புகளுக்கு மட்டும் இன்னும் தயாரில்லை, அதற்காக இரண்டு கணினிகளில் பழையதே இருக்கட்டும் என்று எழுதினேன். இரண்டு தாள்களையும் அக்காதான் கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தாள்.

மறுநாள் அவர் என் இடத்துக்கே வந்து, "ரெண்டு மெஷின் அவசியமா?" என்று கேட்டார். அவசியம் என்றேன். "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் எல்லாக் கணினிகளிலும் புதியதுதான் இருந்தது. போய்க் கேட்டேன். பார்த்துக்கலாம் என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கட்டில் வியாபாரியின் டெண்டர் தள்ளுபடியானது. ஒரே ஒரு பக்கம் தள்ளிப்போனதால். அந்த மனிதர் நேரில் வந்து கத்தித் தீர்த்தார். முதலாளி அமைதியாக என் அறிக்கையை எடுத்து அவர் முன் வைத்து, இந்த மேடம்தான் சோதித்து எழுதிக் கொடுத்தார் என்று இந்தியில் சொன்னார்.

ஒரே ஒரு தாள். அடியில் என் கையெழுத்து. பாதுகாப்புக்கென்று நான் போட்ட கையெழுத்தே அந்த ஒற்றைத் தாளை முழு அறிக்கையாக்கிவிட்டிருந்தது.

"சார், ரெண்டாவது தாள் எங்க?"

"எந்தத் தாள்மா?"

"ஃபைல் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. காட்டறேன்."

"இப்ப டைப் பண்ணிக்கூடக் காட்டலாம்மா."

முதலாளி கையைக் கழுவியதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. நான் அக்கா பக்கம் திரும்பினேன். அவள் இருக்கிறாள் என்று நிம்மதியாகவே திரும்பினேன்.

"ஒரு தாள்தான் சார் என் கையில தந்தா," என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

படிக்கட்டில் வழிமறித்துக் கேட்டேன். "பக்கம் தள்றத மொதல்ல பாத்ததே நீங்கதானே அக்கா?"

"ஆமா மக்ளே. அதச் சொன்னா, தெரிஞ்சும் ஏன் அனுப்பினன்னு என்னையில்லா கேப்பாரு? உனக்கு வேற வேல கிடைக்கும். எனக்கு இந்த வயசுல ஆரு தருவா?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் வயிறு எரிந்தது. பயத்தில் வாய் தவறி வந்த பொய் என்றால் மன்னித்திருப்பேன். இவளோ, நான் தாங்குவேன் என்று நிதானமாக யோசித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு நான் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளையும் இன்னொருவர் படித்துப் பார்க்காமல் முதலாளி வெளியே விடவில்லை. அந்த மாதக் கடைசியில் நானே நின்றுவிட்டேன்.

கடைசி நாள் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நிஜமான அழுகை, நடிப்பே இல்லை. என் தோள் நனைந்துவிட்டது.

"நாளையிலேருந்து நான் ஆருகூட இருந்து சாப்பிடுவேன் மக்ளே?" என்று கேட்டாள். அதையும் என்னிடமே கேட்டாள்.