அரை இன்ச் இறக்கம்

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் சிற்பி அம்மாள் ஜாக்கெட் தைக்கத்தான் முதலில் என் கடைக்கு வந்தார். போன மாதம் ஒரு மத்தியானம் துணிப்பைக்குப் பதில் பெரிய வரைபட நோட்டோடு வந்து நின்றார். ஒரு பெண்கள் கல்லூரித் தோட்டத்துக்கு, நிற்கும் பெண் சிலை ஒன்று செய்ய வேண்டுமாம். திங்கட்கிழமை களிமண்ணில் கை வைத்தாக வேண்டும். எந்தப் படத்தை வைத்துச் செய்வது என்று முடிவுக்கு வர முடியவில்லை.

"அக்கா, நீங்க தினம் உடம்பைத்தானே பாக்கறீங்க. நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக மெஷின் மிதிக்கிறேன், இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

நோட்டைப் புரட்டினேன். ரயிலிலும் பிளாட்ஃபார்மிலும் பார்த்த பெண்களைப் பின்னாலிருந்து பென்சிலால் வரைந்திருந்தார். யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக முகத்தை விட்டுவிட்டாராம். துணியின் மடிப்புகூட இல்லை. உடம்பின் கோடு மட்டும்தான். எனக்கா தெரியாது?

"இது ரெண்டாவது தெரு டீச்சர். இது ஸ்டேஷன் வாசல்ல கீற பூக்கார அக்கா."

சிற்பி வாயைப் பிளந்தார். ஆனால் அசந்துபோனது நான்தான். டீச்சரின் அகன்ற முதுகை எத்தனை தடவை நாடா வைத்து அளந்து, இதற்குத் தைப்பது பெரிய பேஜார் என்று சலித்திருப்பேன்! அதே முதுகு தாளில் அத்தனை நிதானமாக, கம்பீரமாக இருந்தது. கூடை சுமந்து சுமந்து பூக்கார அக்காவின் இடுப்புக்கு வந்த வளைவை ஒரே கோட்டில் பிடித்திருந்தார். இவ்வளவு அழகையும் இன்ச் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டேனே தவிர, ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் கொண்டை போட்ட ஒருத்தி, கைகளைத் தளர விட்டு நின்றாள். இருப்பதிலேயே அதுதான் உயிரோடு இருந்தது. ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"இதையே செய்யுங்க மேடம். ஆனா லெஃப்ட் ஷோல்டர் தப்பா வந்துகீது. அரை இன்ச் ஏத்திடுங்க."

"எனக்கும் இதுதான்கா பிடிச்சிருக்கு. ஆனா இது நீங்க. போன வாரம் தாம்பரம் பிளாட்ஃபார்ம்ல நின்னுட்டிருந்தீங்க. நீங்க சரின்னு சொன்னாதான் செய்வேன்."

"இன்னா மேடம் சொல்றீங்க? நானா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரார் தோளையெல்லாம் பேட் வைத்து மட்டமாக்குகிறவள் நான். எனக்கா கோணல்? அவர் என் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்தார். தரையிலிருந்து தோள் வரை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் சரியாக அரை இன்ச் இறக்கம்.

என் ஜாக்கெட் எப்போதும் இடது பக்கமாக நழுவும். துணி சரியில்லை என்று துணிக்கடைக்காரரைத் திட்டுவேன். என் உடம்பை நான் அளந்ததே இல்லை. என் கல்யாணத்துக்கு யாரோ தைத்துக் கொடுத்ததையே இன்றுவரை அளவு ஜாக்கெட்டாக வைத்து, சுற்றளவை மட்டும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அன்றைக்குக் கல்யாணப் பெண்ணாக நின்றவளுக்குத் தோள் மட்டமாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு முப்பது வருஷம் மெஷின் மேல் சாய்ந்திருக்கிறேன்.

"தோளை மட்டமாக்கிடட்டுமாக்கா? யாருக்கும் தெரியாது."

படத்தை மறுபடி பார்த்தேன். தோள் இறங்கியதால்தான் கழுத்து அப்படித் திரும்பியிருந்தது, இடுப்பு மறுபக்கம் ஒதுங்கி மொத்த உடம்பையும் தாங்கியிருந்தது. தோளைத் தூக்கினால் அந்த நிற்பே போய்விடும். நான் இவ்வளவு அழகாகவா நிற்கிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"கை வெக்காதீங்க மேடம். அப்படியே செய்யுங்க."

அவர் போனதும், எனக்கென்று எடுத்து வைத்திருந்த நீலத் துணியை மேசையில் விரித்தேன். பழைய அளவு ஜாக்கெட்டைத் தேடவில்லை. இடது தோளை அரை இன்ச் இறக்கி வெட்டினேன்.