கையெழுத்துக்குப் பின்னால் நிற்பவர்கள்

ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள தோசைக்கடையில் கூட்டம். வேறு இடமில்லாமல் ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு எதிரே உட்காருகிறேன். என் வயதுதான் இருக்கும். தட்டைத் தொடாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்க ஜனாதிபதி ஓர் உத்தரவில் கையெழுத்திட்டு, அதைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டுகிறார்.

"வெளிநாட்டுப் பிள்ளையளின்ர விசாவைப் பற்றியாம். என்ர மகள் அமெரிக்காவிலதான் படிக்கிறா."

"கவலைப்படாதீங்க அண்ணா. அந்த ஊர்ல ஒரே ஆள் நினைச்சதெல்லாம் நடக்காது. பார்லிமென்ட் மாதிரி காங்கிரஸ் இருக்கு. அது விடாது."

"ஓம், அரசியலமைப்பில அப்பிடித்தான் எழுதி வைச்சவை. பிறகு ஒவ்வொரு சண்டைக்கும் காங்கிரஸே ஜனாதிபதிக்குக் கொஞ்சம் கொஞ்சமா அதிகாரத்தைக் குடுத்தது. சண்டை முடிஞ்சாப் பிறகு ஆர் திருப்பி வாங்கினது? எங்கட நாட்டிலயும் அவசரகாலச் சட்டம் ஒரு மாசத்துக்கெண்டுதான் வந்தது. மாசாமாசம் பாராளுமன்றமே கை உயர்த்தி நீட்டினது. எனக்கு மீசை முளைச்சதே அதுக்குள்ளதான்."

மனிதர் எதையும் நம்பமாட்டார் போலிருக்கிறது. இலங்கை வேறு, அமெரிக்கா வேறு என்று சொல்ல வாயெடுக்கிறேன். அவர் டிவியை நோக்கி விரலை நீட்டுகிறார்.

"கையெழுத்துப் போடுறவரை விடுங்கோ. பின்னால நிண்டு கைதட்டுற ஆக்களைப் பாருங்கோ. ஆர் அவை?"

திரையின் அடியில் எழுத்து ஓடுகிறது: காங்கிரஸ் உறுப்பினர்கள்.