பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

ஐஸ் ஹாக்கியில் பின்னால் வருகிறவன் யாரென்று பார்த்துவிட்டுத்தான் எவனும் ரப்பர் வட்டைத் தள்ளிவிடுவான். செக்கோஸ்லோவாக்கியாவின் பொஹீமியாவிலிருந்து ஓடி வந்த லுத்விக் ஹன்செல்கா திரும்பவே மாட்டார். இடதுகைக்காரன் அலோயிஸ் வந்தால் வட்டு இடப்பக்கம் போகும், கொர்பினியன் வந்தால் வலப்பக்கம். ஜெர்மனியில் ஒரு பவேரிய ஊரின் அணிக்கு அவர் ஆடிய இத்தனை வருடத்தில் ஒருநாளும் இது பிசகியதில்லை.

"பொஹீமியாக்காரருக்கு முதுகுல கண்ணுடா" என்றான் கொர்பினியன்.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. ஸ்கேட் சத்தத்த வெச்சுக் கண்டுபிடிக்கிறாரு" என்றான் அலோயிஸ்.

அன்றைய பயிற்சியில் இருவரும் ஸ்கேட்டை மாற்றி மாட்டிக்கொண்டார்கள். அலோயிஸின் ஸ்கேட்டில் கொர்பினியன் பின்னால் பாய்ந்து வந்தான். வட்டு அவனுடைய வலப்பக்கத்துக்கே வந்து மட்டையில் ஒட்டிக்கொண்டது.

லுத்விக் பனித்தூள் பறக்க நின்றார். "இரும்பத்தான மாத்தினீங்க? முட்டிய மாத்தலயே! உன் வலது முட்டி எப்பவும் சோம்பேறி, அந்தக் கால இழுக்குற சத்தம் தனியாக் கேக்கும்."

"இத எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்றான் கொர்பினியன்.

"நாட்ட விட்டு ஓடி வந்ததுக்கு ஹாக்கிச் சங்கத்துல ஒன்றர வருஷம் ஆடத் தடை போட்டாங்கல்ல, அப்ப. இதே அரங்கத்துல, படிக்கட்டுக்கு அடியில பீர் பீப்பாய் அடுக்கினேன். ஐஸைச் சுத்தி இருக்குற பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க ஆடிட்டிருந்தீங்க."

"மேல வந்து பாத்திருக்கலாமே?"

"பாத்திருந்தா மட்டையத் தூக்கிட்டு உள்ள குதிச்சிருப்பேன்டா. அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."